முதல் வரியை விட்டுவிட்டு எழுது

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அறை கிடைத்துவிட்டது, சாப்பாடு கிடைக்கிறது, தூக்கம் மட்டும் தவணை முறையில். நீயும் அத்தானும் கடுகும் எப்படி இருக்கிறீர்கள்?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று அத்தான் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆய்வகத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். நான் வெளியே வரும் நேரம் கடுகு தூங்கும் நேரம். உன் வீடோ தீப்பெட்டி. இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் அவள் விழித்துக்கொள்வாள். நீ விடுதியில் இருந்தபோது எனக்கு எழுதினாயே, அந்த மாதிரி எழுதிக்கொள்வோம்.

வேலை என்ன என்று கேட்டாய். அம்மாவிடம் 'மூளையை ஆராய்கிறேன்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை நான் ஆராய்ந்தது சோப்புக் குமிழி. மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யக் குழந்தையின் தலையில் ஒரு தொப்பி மாட்டுகிறோம். அது பிடுங்கி எறியாமல் இருக்க எதிரே நின்று ஒருத்தி குமிழி ஊத வேண்டும். அந்த ஒருத்தி நான். ஐந்து வருடம் உளவியல் படித்துவிட்டு ஊதுகிறேன். எனக்கு மூத்தவன் ஒருவன் இருக்கிறான். கண்ணாடியின் தடிமனுக்கு எல்லாரும் சோடாபுட்டி என்றே கூப்பிடுகிறார்கள். முதல் நாளே சொல்லிவிட்டான்: "இங்க முதல் வருஷம் ஊதணும், ரெண்டாம் வருஷம் துடைக்கணும், மூணாம் வருஷம்தான் யோசிக்க விடுவாங்க."

எங்கள் பேராசிரியர் பெயர் யாருக்கும் தேவைப்படுவதில்லை. மேடம் என்றால் அவர்தான். அம்மாவின் முகத்தைக் குழந்தை எப்படிப் படிக்கிறது என்பது அவருடைய துறை. "உனக்கு எதுக்கும்மா மூஞ்சி மேல இவ்வளவு ஆர்வம்?" என்று கேட்டார். நான் உன்னைத்தான் சொன்னேன். கணக்கு வாத்தியார், பஸ் கண்டக்டர், மாடி வீட்டுக்காரி என்று எல்லாரையும் முகத்திலேயே செய்து காட்டி, சாப்பிடும்போது எனக்குப் புரையேற வைத்து, அடியும் வாங்கித் தருவாயே! "எங்க அக்கா ஒரு ரப்பர் மூஞ்சி மேடம். அதைப் பாத்துத்தான் வளந்தேன். இப்ப அவளுக்கே ஒரு கொழந்தை இருக்கு" என்றேன். "அப்ப அந்தக் கொழந்தை குடுத்து வெச்சது" என்றார்.

கடுகின் உள்ளங்காலில் சித்தியின் முத்தம் ஒன்று. அத்தானைக் கேட்டதாகச் சொல்.

குமிழி ஊதும் உன் தங்கை


ஜனவரி 27

என் மூளைக்காரிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை எழுது.

கடுகுக்கு நான்கு மாதம் முடிந்தது. பிறந்தபோது கையளவுதானே இருந்தாள். 'கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா' என்று நீ வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ்கூட "கடுகம்மா வாங்க" என்கிறாள். எடை ஏறுகிறது, ஆனால் புத்தகத்தில் போட்டிருக்கிற கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. குப்புற விழுகிறாள், இடது பக்கமாக மட்டும். வலது பக்கம் ஏன் விழவில்லை? காது சூடாக இருந்தால் காய்ச்சலா, இல்லை காதே அப்படியா? கட்டைவிரலை விட்டு ஆள்காட்டி விரலைச் சப்புகிறாள். இதற்கு உங்கள் துறையில் ஏதாவது பெயர் இருக்கிறதா?

இன்னொன்று. இந்த மாதம் வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமாம். என்னிடம் சிரிப்பதில்லை. மேல் வீட்டம்மா வந்து "ஏய் குண்டூசி" என்றால் மட்டும் கெக்கெக்கே என்கிறாள். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாமா?

உன் அத்தானுக்கு லிஃப்டு பழுதுபார்க்கும் வேலை கூடிவிட்டது. எந்தக் கட்டிடத்தில் எவர் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் இவருக்குத்தான் போன். "ஆளுங்க இருட்டுல நிக்கிறாங்கம்மா" என்று சட்டையைப் போட்டுக்கொண்டே ஓடுகிறார். நான் கதவைச் சாத்திக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் விடுப்பை நீட்டிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். எனக்குப் பதிலாக வந்தவள் வேதியியலை நன்றாக நடத்துகிறாளாம். நல்லதுதான்.

பால் அடிக்கடி தீய்ந்துபோகிறது. அந்த வாடை அடுப்படியில் குடித்தனமே வந்துவிட்டது, வாடகைதான் தருவதில்லை.

சிரிப்பைப் பற்றி மறக்காமல் கேட்டு எழுது. வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 10

அன்பு அக்கா,

நான் சுகமே. உங்கள் மூவர் சுகமும் உன் முதல் வரியில் தெரிந்துகொண்டேன்.

சிரிப்பைப் பற்றி மேடத்திடம் கேட்டேன். "ஒரு கொழந்தையப் பத்தி நம்மால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நூறு கொழந்தைங்களப் பத்தித்தான் பேச முடியும். உங்க அக்காவக் கவலைப்படாம இருக்கச் சொல்லு" என்றார். இடது பக்கம், காது, ஆள்காட்டி விரல் எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். பார்த்தாயா, நீ கேட்டதற்கெல்லாம் ஒரே மருந்து.

எனக்குப் பதவி உயர்வு! ஊதுவதோடு இப்போது பார்க்கவும் விடுகிறார்கள். அம்மாவும் குழந்தையும் எதிரெதிரே இருக்கிற வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு, வரிசையைக் கலைத்துத் தருவார்கள். குழந்தையை ஒருவர் பார்த்துக் குறிக்க வேண்டும், அம்மாவின் முகத்தை இன்னொருவர்: சிரிக்கிறது, பேசுகிறது, சும்மா இருக்கிறது. எந்தத் துண்டு சோதனையின் எந்தக் கட்டம் என்று பார்ப்பவருக்குத் தெரியக் கூடாது. ஏன் என்று கேட்டேன். "தெரிஞ்சுட்டா கண்ணு பொய் சொல்லும்மா" என்றார் மேடம்.

இப்போது உன்னிடம் ஒரு உதவி. எனக்கென்று ஒரு சின்ன ஆய்வு கொடுத்திருக்கிறார்கள். அதில் பங்கெடுக்கும் அம்மாக்களுக்கு நான் எழுதிய குறிப்புத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். முதலில் குழந்தையோடு வழக்கம்போல விளையாட வேண்டும். அடுத்து, அதையே பார்த்துக்கொண்டு, ஆனால் பேசாமல், சிரிக்காமல், முகத்தை அசைக்காமல் இருக்க வேண்டும். பிறகு மறுபடி விளையாட்டு. இது ஒரு அம்மாவுக்குப் புரிகிறதா என்று உன்னிடம் சோதிக்க ஆசை. குழந்தைக்குப் பின்னால் நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்தால் உன் முகமும் அதில் விழும். அத்தானைப் போனில் எடுத்து அனுப்பச் சொல். கடுகு என்ன செய்வாள் என்று நான் முன்கூட்டிச் சொல்லக் கூடாது, அது விதி.

ரப்பர் மூஞ்சியை இரண்டு நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். செத்தாய் போ.

உன் தங்கை


பிப்ரவரி 24

மூளைக்காரிக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை எழுது.

கடுகு தேர்வில் பாஸ்! ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம், வயிறு நிறைந்த பிறகு உட்காரவைத்தோம். உன் அத்தான் போனைப் பிடித்துக்கொண்டு பெரிய டைரக்டர் மாதிரி "ரெடி, ஆக்‌ஷன்" என்றார். முதல் பகுதி விளையாடினேன். இரண்டாம் பகுதியில் முகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. பயந்துகொண்டேதான் இருந்தேன், அழுது ஊரைக் கூட்டிவிடுவாளோ என்று. சிணுங்கக்கூட இல்லை! என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் ஜன்னல் திரை ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பகுதியிலும் அதே திரை. என்ன பொறுமை என்கிறாய்! "நம்ம பொண்ணு ரொம்பச் சமத்து" என்று அவரும் சொன்னார்.

மற்றக் குழந்தைகள் அழுமா? எத்தனை மார்க் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டு எழுது. வலது பக்கமும் புரளத் தொடங்கிவிட்டாள். ஆனால் இப்போது இடது பக்கம் புரள்வதில்லை.

உன் அக்கா


மார்ச் 6

அன்பு அக்கா,

நான் சுகம். சளி பிடித்திருந்தது, விட்டுவிட்டது. நீங்கள் எல்லாரும் நலமாக இருங்கள்.

அவசரமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வீடியோவை மற்றவற்றோடு கலந்து கொடுத்துவிட்டேன். வரிசை எனக்குத் தெரியும் என்பதால் விதிப்படி நான் பார்க்கவில்லை. அம்மா முகத்தைக் குறித்தவன் சோடாபுட்டி. நேற்று வந்து, "இந்தம்மா யாருங்க? மூணு துண்டுலயும் சும்மாவேதான் உக்காந்திருக்காங்க. தாளத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க போல. தூக்கிப் போட்டுடு" என்றான். நீ என் அக்கா என்று அவனுக்குத் தெரியாது.

தப்பு என் எழுத்தில்தான் இருக்க வேண்டும். வேதியியல் டீச்சருக்கே குழம்பியிருக்கிறது என்றால் மற்ற அம்மாக்கள் கதி என்ன? எந்த வாக்கியத்தைப் படித்து, முழு நேரமும் முகத்தை அசைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டாய்? அதை மட்டும் அடிக்கோடு போட்டு அனுப்பு, மாற்றிவிடுகிறேன்.

அத்தானுக்கு வணக்கம். டைரக்டரின் முதல் படம் பெட்டிக்குள் போய்விட்டது என்று சொல்.

உன் தங்கை


மார்ச் 11

தங்கைக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை எழுது.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எதிலும் அடிக்கோடு போடவில்லை. எல்லா வாக்கியமும் புரிந்தது.

நான் முதல் பகுதியில் விளையாடினேன். கிலுகிலுப்பையை ஆட்டினேன். "கடுகு எங்க, கடுகு எங்க" என்று கேட்டேன். பாட்டுக்கூடப் பாடினேன். சிரித்தேன். சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் பையனை இன்னொரு தடவை பார்க்கச் சொல்.

உன் அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். இவ்வளவு நாள் பதில் போடாததற்கு வேலையைத்தான் காரணமாகச் சொல்ல வேண்டும். அங்கே எல்லாரும் எப்படி?

வீடியோவை நானே பார்த்தேன். வெளிச்சம் போதவில்லை, முகம் சரியாகத் தெரியவில்லை. அவன்மேலும் தப்பில்லை, உன்மேலும் தப்பில்லை. அதை விட்டுவிடு.

கடுகு எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? அவள் தூங்கும்போது நீயும் தூங்க முடிகிறதா? பசி எடுக்கிறதா? முன்பு பிடித்த காரியங்கள் இப்போதும் பிடிக்கின்றனவா? எதற்கென்று தெரியாமல் அழுகை வருகிறதா? சும்மாதான் கேட்கிறேன். நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் தங்கை


ஏப்ரல் 13

தங்கைக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் சுகத்தை எழுது.

சும்மா கேட்கிறாயா? அடியே, நீ பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். 'பிடித்த காரியங்கள் பிடிக்கின்றனவா' என்று எந்தத் தங்கையாவது அக்காவைக் கேட்பாளா? வீட்டுக்கு வீடு கணக்கெடுக்க வருகிறவன்கூட ஒரு வாய் தண்ணீர் கேட்டுவிட்டுத்தான் கேள்வியை ஆரம்பிக்கிறான். அந்த நான்கு கேள்வியையும் எந்தத் தாளிலிருந்து எடுத்தாயோ அந்தத் தாளிலேயே வைத்துக்கொள். தொப்பி மாட்டி, குமிழி ஊதி, என்னையும் குறித்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறாயா?

வெளிச்சம் போதவில்லை என்கிறாய். ஜன்னலோரம், காலை வெயிலில் உட்கார்ந்திருந்தேன். கண் கூசிற்று எனக்கு.

பொய் சொல்ல உனக்கு இன்னும் வரவில்லை. நான் நல்ல அம்மா இல்லை என்று உன் மேடம் சொன்னாரா? அதை மட்டும் சொல். மற்றதெல்லாம் வேண்டாம்.

கடுகு நன்றாக இருக்கிறாள். நகம் வெட்டினேன்.

உன் அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொன்னேன், திட்டு. இப்போது முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் மார்ச் மாதக் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். முதலில் சத்தமில்லாமல். கண்ணாடியில் விழுந்த உன் முகத்தை மட்டும் வைத்து, எது விளையாட்டு, எது சும்மா இருப்பது என்று எனக்கும் தெரியவில்லை அக்கா; உதடு அசைவதுகூட அவ்வளவு லேசு. பிறகு சத்தத்தோடு. நீ எழுதியது அத்தனையும் அதில் இருக்கிறது. கிலுகிலுப்பை ஆடுகிறது. "கடுகு எங்க" என்கிறாய். பாடுகிறாய். குரல் பாட்டைத் தேடிப் பிடித்துப் பாடுகிறது. முகம் மட்டும் வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. அன்றைக்கு ஆய்வகக் கழிவறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சோடாபுட்டி வெளியிலிருந்து "குமிழி ஊத ஆள் இல்லைங்க" என்று கத்திக்கொண்டிருந்தான்.

அழாதது பாஸ் இல்லை. அம்மா முகம் நின்றுபோனால் பெரும்பாலான குழந்தைகள் விடமாட்டார்கள். சிரித்துப் பார்ப்பார்கள், கையை நீட்டுவார்கள், கூப்பிடுவார்கள், கடைசியில் கத்துவார்கள். கடுகு கூப்பிடவில்லை. இதை வைத்து அவளைப் பற்றி எதுவும் முடிவு கட்ட முடியாது. ஒரு குழந்தை, ஒரு காலை நேரம், ஒரு ஜன்னல் திரை. மேடம் சொன்னது ஆறுதலுக்கு இல்லை, உண்மைக்கு. மேல் வீட்டம்மாவிடம் கெக்கெக்கே என்கிறாளே, அவளுக்குச் சிரிக்கத் தெரியும்.

ஆனால் உன்னைப் பற்றி என்னிடம் இருப்பது ஒரு வீடியோ இல்லை. இருபத்து நான்கு வருடம் பார்த்த முகம்.

மேடம் உன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். காய்ச்சலில் படுத்தவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்வதில்லை. பிரசவத்துக்குப் பிறகு சில பேருக்கு வருகிற நோய் இது. அதுதானா என்று பார்க்க மருத்துவர் வேண்டும், நான் மருத்துவர் இல்லை. அதுவாக இருந்தால் மருந்து இருக்கிறது, சரியாகிறது. கேள்வித்தாளை நீட்டியது என் முட்டாள்தனம். பயம் வந்ததும் தங்கையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்காரியைக் கூப்பிட்டுவிட்டேன்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து மறுபடி படித்தேன். எல்லாம் 'மூன்று பேரும் சுகம்' என்று ஆரம்பிக்கின்றன. கடுகின் காது வரை எழுதியிருக்கிறாய், அத்தான் சட்டை போடுவதுகூட இருக்கிறது. மூன்றாவது ஆள் எங்கே?

ஒன்று செய். அடுத்த கடிதத்தில் முதல் வரியை விட்டுவிட்டு எழுது. இரண்டாம் வரியிலிருந்து ஆரம்பி. எழுத வராவிட்டால் வெறும் தாளை அனுப்பு. கிளம்பி வந்துவிடுகிறேன்.

உன் தங்கை


மே 2

தங்கைக்கு,

எழுதி எழுதி மடித்து வைத்தேன். முதல் வரி இல்லாமல் எப்படித் தொடங்குவது என்றே தெரியவில்லை. கை தானாக அங்கேதான் போகிறது.

காலையில் கண் திறந்தால் அப்போதே நாள் முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது. குளிக்க வேண்டும் என்று துண்டை எடுத்துக்கொண்டு குளியலறை வரை போய்த் திரும்பி வருகிறேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அதன் எதிரிலேயேதான் நிற்கிறேன், பொங்குவதும் தெரிகிறது, கை போவதில்லை. மேல் வீட்டம்மா கதவைத் தட்டினால் சில நாள் திறப்பதில்லை. தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

கடுகுக்கு எதையும் குறைவைக்கவில்லை. குளிப்பாட்டுகிறேன், பால் கொடுக்கிறேன், எடை போடுகிறேன். ஆனால் யாரோ தங்கள் குழந்தையை என்னை நம்பி விட்டுப்போனது போலவும், அவர்கள் வந்து கேட்கும்போது ஒரு குறை இருக்கக் கூடாது என்பது போலவும்தான் எல்லாம் செய்கிறேன். அதனால்தான் உன்னை அவ்வளவு கேள்வி கேட்டேன். அவர்கள் வந்தால் பதில் சொல்ல வேண்டுமே.

சிரித்தேன் என்று எழுதினேனே, அது பொய் இல்லை. உள்ளே சிரித்தேன். வெளியே வரவில்லை என்று எனக்குத் தெரியாது.

நேற்று உன் கடிதத்தை உன் அத்தானிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார், அப்புறம் உட்கார்ந்து படித்தார். கோபம்தான் முதலில் வந்தது. "லிஃப்டு நின்னா உள்ள இருக்கறவங்க மணி அடிக்கணும். அடிக்கலன்னா வெளிய இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்தினார். கடுகு திரும்பிப் பார்த்தாள். அவர் அவளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "நானாவது கதவத் தட்டிப் பாத்திருக்கணும். ஊருல உள்ள கதவெல்லாம் தட்டறேன்" என்றார். நான் அழுதேன். அழுகை வந்ததே பெரிய விஷயமாக இருந்தது.

வா. கையில் ஒன்றும் வாங்கி வராதே. நீ வந்தால் போதும்.

அக்கா


ஜூன் 20

அன்பு அக்கா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன், எழுதத்தான் இரண்டு வாரம் தாமதம். அங்கே நீ சமைத்துப் போட்டதில் இரண்டு வேளை உப்பே இல்லை. அங்கேயே சொல்ல மனம் வரவில்லை, இங்கே வந்து சொல்கிறேன். மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. 'நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு' என்று ஒரு நாள் தோன்றும், அன்றைக்கு, நாம் சேர்ந்து போய்ப் பார்த்தோமே, அந்த மருத்துவரம்மா சொன்னதை நினைத்துக்கொள்: "மாத்திரைய நான் நிறுத்தறேன், நீங்க நிறுத்தாதீங்க." செவ்வாய்க்கிழமை தோறும் அத்தான் உன்னை அவரிடம் அழைத்துப்போக வேண்டும். அன்றைக்கு எவன் லிஃப்டில் மாட்டினாலும் வேறு ஆளைக் கூப்பிடட்டும்.

நான் அங்கே இருந்த வாரத்தில்தான் எனக்கு முதல் உரை வைத்திருந்தார்கள். எனக்குப் பதில் சோடாபுட்டி பேசினானாம், சுமாராகத்தான் பேசினானாம். மேடத்திடம் காரணத்தைச் சொல்லித்தான் விடுப்பு வாங்கியிருந்தேன். திரும்பி வந்ததும் அவனிடமும் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டினான். மறுபடி கழற்றித் துடைத்தான். "தூக்கிப் போட்டுடுன்னு சொன்னேனே" என்றான். அன்று முழுவதும் என் பங்குக் குமிழியையும் அவனே ஊதினான்.

அடுத்த கூட்டத்தில் ஒன்று கேட்டேன். மூன்று துண்டிலும் அம்மாவின் முகம் அசையவில்லை என்றால் 'விதியைப் பின்பற்றவில்லை' என்று குறித்து ஒதுக்கிவிடுகிறோமே, அந்த அம்மாவிடம் யாராவது பேசினோமா என்று. மேடம் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். பழைய வீடியோக்களில் எத்தனை அப்படி ஒதுக்கியிருக்கிறோம் என்று எண்ணச் சொன்னார். இனி ஒதுக்குவதற்கு முன் ஒருவர் அந்த அம்மாவை நேரில் பார்த்து, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். மருத்துவரின் எண்ணையும் கொடுக்க வேண்டும். "தாள்ல கேக்காதே. தாள்ல எல்லாரும் சுகம்னுதான் எழுதுவாங்க" என்றார். நான் உன்னைப் பற்றி அவரிடம் அவ்வளவு விவரமாகச் சொல்லவே இல்லை.

அந்தக் கேட்கும் வேலை எனக்குத்தான். பயமாக இருக்கிறது. ஊதுவது எவ்வளவோ சுலபம்.

உன் வீடியோவை அழித்துவிட்டேன். கடுகின் கன்னத்தில் சித்தியின் கடி ஒன்று.

உன் தங்கை


செப்டம்பர் 7

அடியே மூளைக்காரி,

கடுகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிடித்ததையெல்லாம் இழுத்துத் தள்ளுகிறாள். நேற்று உன் அத்தானின் திருப்புளியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றாள். "என் பொழப்பையே சப்பறா பாரு" என்றார் அவர். கோட்டுக்குக் கீழேயா மேலேயா என்று கேட்காதே, எடைப் புத்தகத்தை மேல் வீட்டம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். மாதம் ஒரு தடவைதான் தருவார். கெஞ்சினாலும் தரமாட்டார், கேட்டுப் பார்த்துவிட்டேன்.

மாத்திரை பாதியாகியிருக்கிறது. நல்ல நாள் வருகிறது, அது போய்விடுமோ என்ற பயமும் கூடவே வருகிறது. போன வாரம் இரண்டு நாள் மறுபடி குளிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்ச் சொன்னேன். "சொன்னீங்களே, அது போதும்" என்றார் மருத்துவரம்மா. பால் பொங்கினால் கை போகிறது. எல்லா நேரமும் இல்லை.

இதையெல்லாம் எழுத இந்தக் கடிதம் இல்லை. இன்று காலை நடந்ததை எழுதத்தான்.

பள்ளிக்கூடத்திலிருந்து போன். அடுத்த மாதம் வேலைக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடுகு எதிரே டப்பாக்களை உருட்டிக்கொண்டிருந்தாள். போக முடியுமா, பிள்ளைகள் முன்னால் நிற்க முடியுமா, இவளை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசனை ஓடிற்று. அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. உனக்குத் தெரியும், எப்படி என்று.

அவள் டப்பாவை நீட்டினாள். நான் வாங்கவில்லை போலிருக்கிறது. ஒரு சிரிப்புச் சிரித்துக் காட்டினாள். அப்புறம் "ஏ" என்றாள். அப்புறம் ஒரு கத்து, ஐயோ, மேல் வீட்டம்மா படியில் இறங்குகிற சத்தம் கேட்டது! தவழ்ந்து வந்து என் முழங்காலில் ஏறி நின்று, படார் என்று ஒரு அடி. பிறகு இரண்டு கையாலும் என் கன்னத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தாள். எச்சில் கை. நகம் வேறு வெட்டவில்லை. விடவே இல்லை, இழுத்துக்கொண்டே என் கண்ணுக்குள் எட்டிப் பார்த்துத் திட்டுகிறாள். அவள் பாஷையில்தான், ஆனால் என்னை அவ்வளவு கேவலமாக யாரும் திட்டியதில்லை.

அப்போதுதான் உன் ஏப்ரல் கடிதம் ஞாபகம் வந்தது. கூப்பிடுவார்கள், கையை நீட்டுவார்கள், கடைசியில் கத்துவார்கள். இங்கே ஒரு முகம் இருந்ததே, எங்கே அது என்று கேட்கிறாள். இருந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது!

நான் அவளுக்குப் பஸ் கண்டக்டரைச் செய்து காட்டினேன். கணக்கு வாத்தியாரையும். மேல் வீட்டம்மா கதவைத் திறந்து "என்னாச்சு" என்று கேட்டுக்கொண்டே வந்தவர், வாத்தியார் மூஞ்சியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். கடுகு சிரித்ததில் அவளுக்கு விக்கல் எடுத்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

இதை உன் ஆராய்ச்சியில் எங்கேயாவது சேர்த்தாயோ, தொலைந்தாய். இது எங்கள் வீட்டு விஷயம். ஆனால் அந்தக் கண்ணாடிப் பையனிடம் மட்டும் சொல்லு.

முதல் வரியை இங்கே போட்டுவிடுகிறேன். மூன்று பேரும் சுகம். மூன்றாவது ஆள் முக்கால்வாசி.

உன் சுகத்தை எழுது.

ரப்பர் மூஞ்சி